ஆசியாவின் முதல் தெருவிளக்கும் என் தாத்தாவின் பில்லையும்

போன ஞாயிறு பெங்களூரு கே.ஆர்.புரத்தில் எங்கள் அபார்ட்மென்ட் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு வினாடி வினா வைத்தோம். "ஆசியாவிலேயே முதன்முதலில் மின்சாரத் தெருவிளக்கு எரிந்த ஊர் எது?" என்று ஒரு கேள்வி. என் மகள் துள்ளி எழுந்து "பெங்களூரு!" என்றாள். ஒரே கைதட்டல். ஜியாமெட்ரி பாக்ஸ் பரிசு. பதில் தப்பு என்று எனக்குத் தெரியும். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாயைத் திறக்கவில்லை. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பெங்களூரு சிட்டி மார்க்கெட் பக்கம் 1905 ஆகஸ்ட் 5ஆம் தேதி தெருவிளக்கு எரிந்தது உண்மை. ஆனால் டோக்கியோவின் கின்ஸா தெருவில் 1882லேயே ஆர்க் விளக்கு எரிந்தாயிற்று. கல்கத்தாவுக்கு 1899ல் கரண்ட் வந்துவிட்டது. காவிரி அருவியில் கரண்ட் எடுக்கும் சிவனசமுத்திரம்தான் ஆசியாவின் முதல் நீர்மின் நிலையம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதுவும் சரியில்லை. டார்ஜிலிங் பக்கம் சித்ராபோங்கில் 1897லேயே ஓட ஆரம்பித்துவிட்டது.

எனக்கு ஆதங்கம் என்னவென்றால், இந்த 'ஆசியாவிலேயே முதல்' பட்டத்துக்காக நாம் கைவிடுகிற நிஜக் கதை எவ்வளவு பெரியது! சிவனசமுத்திரத்தில் 1902ல் எடுத்த கரண்ட் நேராகப் போனது கோலார் தங்கவயலுக்கு, அதாவது கேஜிஎஃப் தங்கச் சுரங்கங்களுக்கு. சுமார் 147 கிலோமீட்டர் கம்பி. அன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமான மின்தடங்களில் அது ஒன்று. பாறையை அரைக்கவும், சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கவும், ஆளை இறக்கி ஏற்றவும் அந்தக் கரண்ட் வேண்டியிருந்தது. பெங்களூரு தெருக்கள் இன்னும் மூன்று வருஷம் இருட்டில் காத்திருந்தன. இந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்த மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர், அது ஓடுவதைப் பார்க்கவே இல்லை. 1901லேயே காலமாகிவிட்டார்.

அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலானோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். பலர் சேரியிலிருந்து போனவர்கள். என் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் அங்கே சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கத்தில் இறங்கியவர்தான். அவருடைய எண் பொறித்த பித்தளை அடையாளப் பில்லை என் பீரோவில் இருக்கிறது. விரல் பட்டுப் பட்டு எண்ணின் கடைசி இலக்கம் பாதி தேய்ந்துவிட்டது. கீழே எங்காவது பாறை வெடித்தால் தொழிலாளர் லைன் வீட்டில் அலமாரிப் பாத்திரம் கடகடவென்று ஆடுமாம். அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுப் பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலுக்கு ஓடுவார்களாம். அம்மா இதைச் சொல்லும்போது இன்றும் குரல் மாறும்.

இன்னொன்று இருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் காற்று மண்டலத்தில் மோதும்போது நியூட்ரினோ என்ற துகள் பிறக்கிறது. தரைக்கு மேலே அதைப் பிடிப்பது அன்றைக்கு நடக்காத காரியம், மற்ற துகள்களின் இரைச்சல் அப்படி. மேலே கிலோமீட்டர் கணக்கில் பாறை இருந்தால் அந்த இரைச்சல் அடங்கும். அதனால் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பானின் ஒசாகாவும், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகமும் சேர்ந்து தங்கவயலில் 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்தன. 1965ல் அந்தத் துகளின் தடயம் கிடைத்தது. அதே வருஷம் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு குழுவும் கண்டது, அதுவும் தங்கச் சுரங்கத்தில்தான். காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை உலகத்தில் அதற்கு முன்னால் யாரும் கண்டதில்லை.

2018ல் வந்த 'கேஜிஎஃப்' படத்துக்கு அங்கே சயனைட் மேட்டில், அதாவது தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் மேட்டில், செட் போட்டார்கள். இன்று என் மகளின் வகுப்பில் தங்கவயல் என்றால் எல்லோருக்கும் அந்தப் படத்தின் ஹீரோ ராக்கி பாய்தான். படத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது கற்பனை. ஆனால் 1930ல் கைரேகை எடுப்பதை எதிர்த்து வேலையை நிறுத்திய ஆயிரக்கணக்கான தொழிலாளிகளை எந்தப் பிள்ளைக்கும் நாம் சொன்னதில்லை. 2001ல் சுரங்கத்தை மூடிய பிறகு, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தினமும் விடியலில் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து இதே பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள்.

நேற்று ராத்திரி மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜியாமெட்ரி பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அப்புறம் பில்லையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொள்ளுத்தாத்தா அந்த நியூட்ரினோ மெஷினைப் பார்த்திருப்பாரா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அறுபதுகளில் சாம்பியன் ரீஃபில் இறங்கியிருந்தால், அந்தக் கருவிகளைக் கீழே சுமந்தது யார் என்று கேட்டு எழுதுங்கள். அவளுக்குச் சொல்ல வேண்டும்.