என் முகக்கவசம் உங்களை என்ன செய்கிறது?

நேற்றுக் காலை தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில், கோடம்பாக்கம் வருவதற்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: "என்ன சார், இன்னும் கொரோனா போகலையா?" கேட்டவர்களும் சிரித்தார்கள், சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

என் தம்பிக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியிருக்கிறார்கள். அந்த உறுப்பை உடல் அந்நியமாகக் கருதித் தாக்கிவிடாமல் இருக்க, நோய் எதிர்ப்பு ஆற்றலை மட்டுப்படுத்தும் மாத்திரைகளை அவன் ஆயுள் முழுவதும் விழுங்கியாக வேண்டும். நமக்கு மூன்று நாள் மூக்கொழுகலோடு போய்விடும் சளி, அவனை மருத்துவமனையில் படுக்க வைத்துவிடலாம். அதனால்தான் நெரிசலில் நான் என்95 முகக்கவசம் அணிகிறேன். சென்னை வெயிலில் வியர்த்து நனைந்த துணிக்குள் மூச்சு விடுவது எனக்கென்ன பொழுதுபோக்கா? என் வீட்டு மருத்துவ அறிக்கையைப் பெட்டியில் ஏறும் ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டிய பிறகுதான் நான் மூக்கை மூடிக்கொள்ள வேண்டுமா?

"அதெல்லாம் ஒன்றையும் தடுக்காது சார்" என்று ஒருவர் தீர்ப்பே வழங்கினார். காற்றில் மிதக்கும் நுண்துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டை வடிகட்டுவதால்தான் அதன் பெயரிலேயே அந்த எண் இருக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள், அவர் வாயைப் பொத்தாமல் என் தோளருகே இருமினார்.

2020 செப்டம்பரில் வந்த தமிழக அரசின் ஆணைப்படி, கவசம் இல்லையென்றால் 200 ரூபாய் அபராதம். 2022 ஜனவரியில் அது 500 ஆயிற்று. காவலர் தலை தெரிந்ததும் தாடையில் தொங்கியதை மூக்குக்கு ஏற்றி, அவர் நகர்ந்ததும் இறக்கிவிட்டவர்கள்தாம் இன்று என்னைக் கோழை என்கிறார்கள். அதே 2020 ஆணையில் பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500 ரூபாய் என்றும் இருந்தது. நேற்றும் சன்னலோரத்தில் ஒருவர் வெற்றிலைச் சாற்றை வெளியே துப்பினார்; அவரிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை!

கொரோனா அவசர நிலை முடிந்துவிட்டதாக 2023 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது உண்மைதான். காய்ச்சலும் காசநோயும் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு ஊரைக் காலி செய்துவிட்டனவா? கட்டாயம் நீங்கியதில் எனக்கு வருத்தமே இல்லை. நீங்கள் அணியவில்லையே என்று நான் எவரையும் இதுவரை முறைத்துக்கூடப் பார்த்ததில்லை. அணியாமலிருக்க உங்களுக்குக் கிடைத்த உரிமை, அணிவதற்கு எனக்கு மட்டும் எப்படி இல்லாமல் போயிற்று?

ரயிலில் கேட்டவர்களாவது அந்நியர்கள். தம்பியின் நிலைமையை நன்றாக அறிந்த என் அத்தையே, போன மாதம் ஒரு கல்யாண மேடையில், "நல்ல காரியத்தில் இது என்னடா நோயாளி வேஷம், கழற்று" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். படம் எடுக்கும் அந்த ஒரு நிமிடத்துக்குக் கழற்றினேன். அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் தம்பியின் அறைக்குள் போகத் துணியாமல், வாசற்படியில் நின்றபடியே அவனுக்குக் கல்யாணக் கதையைச் சொன்னேன்.