ஆப்பிள் கொட்டைக்கும் எடை போட்ட காலம்

இரவு 11:40. வீட்டில் எல்லோரும் தூங்கியாச்சு. நான் மட்டும் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே சத்தம் வராமல் பூனை மாதிரி நடந்துகொண்டிருக்கிறேன். கையில் இருக்கிற வாட்ச் 9,312 ஸ்டெப் காட்டுகிறது, பன்னிரண்டு மணிக்குள் 10,000 ஆகாவிட்டால் 143 நாளாக விடாமல் காப்பாற்றி வந்த கணக்கு போச்சு. அன்றைக்கு லேசாகக் காய்ச்சல் வேறு. மறுநாள் அலுவலகத்தில் இதை மார்தட்டிச் சொன்னேன், நாலு பேர் கைதட்டினார்கள். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தேடிப் படித்தேன். டாக்டர்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்த எண் இல்லை அது. 1965-ல் ஜப்பானில் ஸ்டெப் எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது, அதன் பெயர் ‘மான்போ-கெய்’, பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். ஒரு பொருளுக்கு வைத்த பெயர் ஊருக்கெல்லாம் விதியாகிவிட்டது. 2019-ல் அமெரிக்காவில் 16,000-க்கும் மேற்பட்ட வயதான பெண்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது, சராசரி வயது 72. தினமும் 2,700 ஸ்டெப் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடமே இறப்பு நன்றாகக் குறைந்திருந்தது, 7,500 தாண்டியபிறகு கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. இளவயதுக்காரர்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது, சரி. ஆனால் 9,312-க்கும் 10,000-க்கும் நடுவில் எமன் கோடு போட்டுக்கொண்டு நிற்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நடையாவது பரவாயில்லை. சாப்பாட்டில் நான் அடித்த கூத்துதான் பெரிது. கிராம் கணக்கில் எடை காட்டும் சின்ன மெஷின் ஒன்று வாங்கினேன். ஆப்பிளை முதலில் முழுதாக எடை போடுவேன், சாப்பிட்டு முடித்ததும் மிச்சமிருக்கிற காம்பு, கொட்டை, நடுத்துண்டு எல்லாவற்றையும் திரும்ப எடை போட்டுக் கழிப்பேன், வந்த எண்ணை போனில் கலோரி கணக்குப் பார்க்கும் ஆப் ஒன்றில் ஏற்றுவேன். ஒரு நாள் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியை நீட்டி, “உப்பு சரியா இருக்கான்னு பாருங்க” என்றாள். நான் ருசி பார்க்காமல், “இதுல எவ்வளவு எண்ணெய் ஊத்தின?” என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, கரண்டியைத் தானே நக்கிப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பல மாதம் என்னிடம் உப்பு பார்க்கச் சொல்லவே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் குறைவாகச் சாப்பிடச் சாப்பிட எனக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. ராத்திரி போர்வைக்குள் படுத்துக்கொண்டு சமையல் வீடியோவாகப் பார்ப்பேன், செய்யவே போவதில்லை என்று தெரிந்தும். எனக்கு மட்டும்தான் புத்தி கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை. 1944-45-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். போரில் பட்டினி கிடந்த மக்களைத் திரும்பத் தேற்றுவது எப்படி என்று தெரிந்துகொள்வதற்காக. ஆறு மாதம் அரைப்பட்டினி. அந்த ஆட்கள் எடையில் கால்வாசி குறைந்தார்கள், அதோடு எந்நேரமும் எரிச்சல், சோர்வு, எதிலும் மனம் ஒட்டாமை. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு கதைப்புத்தகம் மாதிரி படித்தார்களாம், தட்டை நக்கினார்களாம். அவர்களுக்குக் கொடுத்த அரைப்பட்டினி அளவு என்ன தெரியுமா? நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. என் ஆப் எனக்குக் கொடுத்திருந்த இலக்கு 1,500. பக்கத்தில் ஒரு பச்சை டிக்கும் போட்டு, ‘அருமை!’ என்று பாராட்டும்.

இதை ஒட்டிய இன்னொரு மனநிலைக்குப் பெயர்கூட இருக்கிறது. ஆர்த்தோரெக்சியா. 1997-ல் ஸ்டீவன் பிராட்மன் என்ற அமெரிக்க டாக்டர் வைத்த பெயர். எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைவிட, சாப்பிடுவது எவ்வளவு சுத்தமானது, ஆரோக்கியமானது என்பதிலேயே ஆள் மூழ்கிப் போவது. மனநோய்களின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இது தனி நோயாகச் சேரவில்லை. ஆனால் இப்படிப்பட்ட ஆள் உங்கள் வட்டத்தில் ஒருவராவது இருப்பார், வீட்டு விசேஷத்துக்கே தன் டப்பாவோடு வருவார்.

உடனே கமெண்டில் வராதீர்கள். கணக்குப் பார்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோய் இருப்பவர் தட்டில் என்ன இருக்கிறது என்று எண்ணித்தான் ஆக வேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளி டப்பாவோடு வந்தால் அது பிழைக்கிற வழி. போட்டிக்குத் தயாராகிற வீரருக்குக் கட்டுப்பாடு தொழில். நான் கவனிப்பது ஒன்றே ஒன்றுதான்: தவறிப்போன அன்றைக்கு என்ன நடக்கிறது? ஒரு நாள் ஜிம் போகவில்லை, ஒரு வேளை கண்டதைத் தின்றுவிட்டோம். சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று போய்விட முடிகிறதா, இல்லை அடுத்த நாள் பட்டினி கிடந்து, இரண்டு மடங்கு ஓடி, தண்டனை கட்டத் தோன்றுகிறதா? எனக்குத் தண்டனைதான் தோன்றியது. அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

என்னோடு ஜிம்முக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு மாதவிடாய் நின்று நாலைந்து மாதம் ஆகியிருந்தது. “உடம்பு பழகிக்குது, நல்லதுதான்” என்று ட்ரெய்னர் சொன்னாராம். நல்லது இல்லை. செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாவிட்டால், உடம்பு ஹார்மோனைக் குறைக்கும், எலும்பு வலுவிழக்கும், லேசாக ஓடினாலே கீறல் விடும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கென்று தனிப் பெயரே வைத்து எச்சரித்தது, ஆண்களுக்கும் இது வரும். ‘வலிக்க வலிக்கத்தான் வளரும்’ என்று சுவரில் எழுதி வைக்கிறவர்கள், தசை தன்னைப் பழுது பார்த்து வளர்வது ஓய்வில்தான் என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்கலாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இதையெல்லாம் படித்துவிட்டு, “பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன், எல்லாம் அளவாத்தான் இருக்கணும்” என்று சோபாவில் சாய்ந்தபடியே ஷேர் பண்ணுகிறவர்கள். அய்யா, நீங்கள் அளவாக இல்லை, சும்மா இருக்கிறீர்கள். ‘என்றைக்கிருந்தாலும் சாகத்தானே போகிறோம்’ என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பிரச்சினை சாவில் இல்லையே, அதற்கு முன்னால் மாடிப்படி ஏற முடியாமல் போகிற இருபது வருஷத்தில்தானே. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. நாளுக்குப் பிரித்தால் இருபத்திரண்டு நிமிடத்தில் ஆரம்பிக்கிறது. இந்தப் போஸ்ட்டைப் படித்து, கமெண்டில் என்னோடு சண்டை போட்டு முடிக்கிற நேரம்தான்.

நான் இப்போது வாரம் மூன்று நாள் எடை தூக்குகிறேன், முடிந்த நாளில் நடக்கிறேன். போன வருஷத்தைவிட வயிறு கொஞ்சம் கூடியிருக்கிறது, தூக்குகிற எடையும் கூடியிருக்கிறது. அந்த மெஷினை மனைவி கேக்குக்கு மாவு எடை போட எடுத்துக்கொண்டாள். போன மாதம் கரண்டியைத் திரும்ப நீட்டினாள், உப்பு கம்மி என்று சொன்னேன்.

நேற்று மழை. வெளியே போகவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ச் கையை உதறியது, 4,106. கழற்றி சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். தூக்கம் வரக் கொஞ்ச நேரம் ஆனது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.