தோலிலிருந்து குழந்தை பிறந்துவிட்டதா?

"ஆணின் தோல் செல்லில் கருமுட்டை செய்து குழந்தையே பிறந்துவிட்டது, இதைத் தடுக்க எங்கும் சட்டமில்லை" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

பிறந்தவை சுண்டெலிக் குட்டிகள். 2023-இல் ஜப்பானின் கட்சுஹிகோ ஹயாஷி குழு, ஆண் எலியின் வால் தோல் செல்களை, எந்த வகை செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களாக மாற்றியது. வளர்ப்புத் தட்டில் சில செல்கள், ஆணுக்குரிய ஒய் குரோமோசோமைத் தாமாகவே தொலைத்தன. மிஞ்சிய எக்ஸ் குரோமோசோமை, பெண் செல்லில் இருப்பதுபோல் இரண்டாக்கி, கருமுட்டை ஆக்கினார்கள். 630 கருக்களைப் பெண் எலிகளின் கருப்பையில் வைத்ததில் பிறந்தவை 7. இந்தக் கணக்கை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை! மனித ஸ்டெம் செல்லிலிருந்து கருத்தரிக்கத்தக்க முட்டையை இதுவரை யாரும் உருவாக்கவில்லை.

சட்டமும் உண்டு: பிரிட்டன் சட்டப்படி, குழந்தைப்பேறு சிகிச்சைக்கான முட்டை பெண்ணின் சூலகத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.

உண்மையில் கேட்க வேண்டியது வேறு: நாளை, ஒருவர் சோதனைக்குக் கொடுத்த ரத்தத்தின் செல்களிலிருந்தே இப்படி முட்டை செய்து, சம்மதமின்றியே அவரைப் பெற்றோராக்கிவிட்டால்?