ஜெர்ரி ரைஸ்: 20 சீசன் ஆடியதால் மட்டும் வந்த சாதனையா?

அமெரிக்கக் கால்பந்தில் வீசிய பந்தைப் பிடித்து மொத்தமாக அதிக தூரம் (யார்டு கணக்கில்) முன்னேறிய சாதனை ஜெர்ரி ரைஸுடையது. "20 சீசன் இழுத்தடித்ததால்தான் ஜெர்ரி ரைஸுக்கு 22,895 யார்டு" என்றொரு பதிவு சுற்றுகிறது. தவறு. என்எஃப்எல் (அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்) பட்டியலில் இரண்டாம் இடத்திலுள்ள லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 17 சீசனில் எடுத்தது 17,492. ரைஸ் தன் 14-வது சீசனான 1998 முடிவிலேயே அதைத் தாண்டி 17,612-ல் நின்றார். அதிலும் 1997-ல் முழங்கால் காயத்தால் ஆடியது இரண்டே ஆட்டம்.

1987-ஐப் பாருங்கள். வீரர்கள் வேலைநிறுத்தத்தால் ரைஸுக்குக் கிடைத்தது 12 ஆட்டம். கேட்ச் பிடித்து அடித்த டச்டவுன் (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்த்து எடுக்கும் ஸ்கோர்) 22. ராண்டி மாஸ் 2007-ல் 23 அடித்து அதை முறியடித்தார், ஆனால் 16 ஆட்டங்களில். பதிவு போட்டவர் இந்தப் பக்கமே வரவில்லை.

கடைசி சீசனான 2004 சுமார்தான், மறுக்கவில்லை. ஆனால் 2002-ல், 40 வயதில், ரெய்டர்ஸ் அணிக்காக 92 கேட்ச், 1,211 யார்டு.