ஆப்பிள் மரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடும் இருக்கிறது

நியூட்டன் என்றால் ஆப்பிள். பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், கிரான்தம் நகரத்துக்குத் தெற்கே வுல்ஸ்தார்ப் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே போகிறவர்களும் முதலில் அந்த மரத்தைத்தான் தேடுகிறார்கள். 1820இல் புயலில் சாய்ந்து, வேர் அறாமல் திரும்பத் துளிர்த்த மரம். மதிக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு எதிரே நிற்கும், நியூட்டன் பிறந்த கல் வீட்டுக்கு அதில் பாதிக் கவனம்கூடக் கிடைப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். என்னைக் கேட்டால், மரத்தைவிட அந்த வீடுதான் நியூட்டனைப் பற்றி நிறையச் சொல்கிறது.

வுல்ஸ்தார்ப் மேனர் என்று பெயர். மேனர் என்றதும் ஜமீன் மாளிகை ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் வசதியான விவசாயக் குடும்பத்தின் வீடு, அவ்வளவுதான். நியூட்டனின் தாத்தா ராபர்ட் 1623இல் இந்தச் சொத்தை வாங்கினார். அப்பா 1642 அக்டோபரில், மகன் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். அவர் விட்டுப்போனதைக் கணக்கெடுத்தபோது 234 செம்மறி ஆடுகளும் 46 மாடுகளும் இருந்தன. அன்றைய சாதாரண விவசாயிக்கு இது எட்டாத அளவு. அப்படியும் அந்த மனிதருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது!

வீட்டைப் பார்ப்போம். லிங்கன்ஷயரின் இந்தப் பகுதியில் மண்ணைக் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் வரும். காலடியில் கிடைத்த அந்தக் கல்லால்தான் கட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் ஆங்கில T எழுத்தின் வடிவம். ஜன்னல்களைக் கல் தண்டுகள் பிரிக்கின்றன. இந்த மாதிரிப் பழைய கல் சுவர் ஒரே கட்டியான சுவர் அல்ல. வெளிப்பக்கம் ஒரு வரிசை, உள்பக்கம் ஒரு வரிசை, நடுவில் சில்லுக்கல்லும் சுண்ணாம்புக் காரையும் நிரப்புவார்கள். மழை ஈரம் சுவருக்குள் கொஞ்சம் போகும், பிறகு காரை வழியாகவே வெளியே காய்ந்துவிடும். இதைப் பற்றிக் கீழே இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1953இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஏறத்தாழ 1570 முதல் 1640 வரை இங்கிலாந்தின் கிராமங்கள் திரும்பக் கட்டப்பட்டன என்றார். அந்த ஆண்டுக் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள், அது வேறு விஷயம். மாற்றம் நடந்தது உண்மை. அதற்கு முன் விவசாயியின் வீடு என்றால் பெரும்பாலும் கூரை வரை திறந்த ஒரே கூடம். நடுவில் நெருப்பு எரியும், புகை கூரையில் சுற்றிக்கொண்டிருக்கும். விளைபொருளின் விலை ஏறி, கையில் காசு வந்ததும் புகைபோக்கி வைத்தார்கள். புகைக்கு வழி கிடைத்ததால் கூடத்துக்கு மேல் தளம் போட முடிந்தது. தளம் வந்ததும் மாடியில் தனி அறைகள் வந்தன. ஜன்னலுக்குக் கண்ணாடியும் வந்தது.

ஒரு விவசாயி மகனுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார ஓர் அறை கிடைத்தது இப்படித்தான். 1665இல் கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டு நியூட்டன் வீடு திரும்பியபோது அவருக்குக் காத்திருந்தது அதுதான். ஒளியையும் நிறங்களையும் பற்றி 1672இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தைப் படித்துப் பாருங்கள். அறையை இருட்டாக்கி, ஜன்னல் பலகையில் சின்னத் துளை போட்டு, முக்கோணக் கண்ணாடிப் பட்டகத்தின் வழியே வெயிலை விட்டு, 22 அடி தள்ளி விழுந்த நிறங்களை அளக்கிறார். அந்த அறை இங்கே இருந்ததா, கேம்பிரிட்ஜிலா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எங்கே என்றாலும், அதற்கு முந்தைய தலைமுறைகளின் புகை நிறைந்த ஒற்றைக் கூடத்தில் இதைச் செய்திருக்க முடியாது. ஆப்பிளை எந்தத் தோட்டத்திலும் பார்க்கலாம்.

அப்புறம் அந்தச் சுவர்கள். பிற்காலத்தில் குடியிருந்தவர்கள் பழைய சுவர்க்காகிதத்தை உரித்தபோது கீறல் படங்கள் தெரிந்தன. 2017இல், வெவ்வேறு கோணங்களில் வெளிச்சம் பாய்ச்சிப் படமெடுக்கும் முறையில், கீழ்க்கூடத்தில் கணப்புக்குப் பக்கத்தில் ஒரு காற்றாலைப் படம் கண்டுபிடிக்கப்பட்டது. வெறும் கண்ணுக்குத் தெரியாத கீறல். சிறுவன் நியூட்டன் கீறியதாகக் கருதுகிறார்கள். கிரான்தம் பக்கம் கட்டிக்கொண்டிருந்த காற்றாலையைப் பார்த்து அவர் சின்ன மாதிரி ஒன்று செய்தார் என்று அவருடைய நண்பர் ஸ்டக்லி எழுதியிருப்பதால் நம்பத்தான் தோன்றுகிறது. விவசாயத்தில் நியூட்டனுக்கு மனசு ஒட்டவே இல்லை. 1659இல் ஆடுகளை அடுத்தவர் நிலத்தில் மேயவிட்டதற்காக 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம், பன்றிகளுக்கு 1 ஷில்லிங், வேலியைப் பழுது பார்க்காததற்கு இன்னொரு ஷில்லிங் என்று உள்ளூர் நீதிமன்றப் பதிவு சொல்கிறது. அப்போது அவருக்கு 16 வயது.

எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. நியூட்டன் சிறுவயதில் வெட்டிய சூரியக் கடிகாரக் கற்கள் இந்த வீட்டுச் சுவரில் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். ஒன்று 1844இல் லண்டனில் உள்ள ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்குப் போனது, இன்னொன்று பக்கத்து கோல்ஸ்டர்வொர்த் தேவாலயத்தில் இருக்கிறது. மரியாதை செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்திருப்பார்கள். ஆனால் சூரியக் கடிகாரத்தைச் சுவரிலிருந்து எடுத்தால் அது மணி காட்டாது. எந்தத் திசைக்காக வெட்டினாரோ அந்தத் திசை போய்விட்டது.

வீடு இடிபடாமல் தப்பித்ததற்கு ஒரு காரணம், ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஒரே குத்தகைக் குடும்பம் அதில் உழுது வாழ்ந்தது. இடித்துப் புதுப்பிக்கும் அவசியமோ ஆசையோ அவர்களுக்கு வரவில்லை. 1940களில், பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்தது.

நியூட்டன் பிறக்காத கல் வீடுகள் அந்த நாட்டில் எத்தனையோ உண்டு. அவற்றை வாங்குகிறவர்கள் இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ஒன்று, கல் அழகாகத் தெரியட்டும் என்று உள்பூச்சைச் சுரண்டி, மணல் வீசித் தேய்ப்பது. அந்தக் காற்றாலை மாதிரி எத்தனை கீறல்கள் இப்படிப் போயினவோ. 1877இலேயே கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் இப்படிச் சுரண்டித் தேய்ப்பதை எதிர்த்துப் பழைய கட்டிடங்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார், அது இன்றும் இயங்குகிறது. இரண்டாவது, கல் சந்துகளில் சிமெண்ட் அடைப்பது. உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழி கிடைக்காது. குளிர்காலத்தில் அது கல்லுக்குள்ளேயே உறைந்து கல்லின் மேற்பரப்பைப் பெயர்த்துத் தள்ளும். சிமெண்ட் அப்படியே நிற்கும், 400 ஆண்டு தாங்கிய கல் உதிரும். சரி, என்ன செய்யலாம் என்றால் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். கட்டியவர்கள் போட்ட அதே சுண்ணாம்பைப் போட்டால் போதும். அதைக் குழைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.