முன்பே குற்றம்தான் என்பது சரியல்ல

‘பாவாடைக்கு அடியில் படமெடுப்பது இங்கிலாந்தில் முன்பே குற்றம்தான், அதைத் தனிக்குற்றமாக்கிய 2019 சட்டம் வீண், போலீஸ் திருடனைப் பிடிக்கட்டும்’ என்கிறீர்கள். அது பாதி உண்மைதான். 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டம் குளியலறை, உடைமாற்றும் அறை போன்ற தனியிடங்களுக்கே பொருந்தியது. பொது ஒழுக்கக்கேடு என்ற பழைய குற்றத்துக்கோ, அதைப் பார்க்கக்கூடிய நிலையில் குறைந்தது இரண்டு பேராவது அங்கே இருந்திருக்க வேண்டும்.

2017 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க் இசைவிழாவில் ஜினா மார்ட்டின் என்ற பெண், தன் பாவாடைக்கு அடியில் படமெடுத்த ஆளின் போனையே பிடுங்கிக்கொண்டு ஓடினார். உள்ளாடை அணிந்திருந்ததால் படம் அவ்வளவு ஆபாசமில்லை என்றது போலீஸ். வழக்கை மூடியும் விட்டார்கள். ஆளும் போனும் கையில் இருந்தும் இந்தக் கதி! இதில் போலீசின் நேரம் எங்கே பிரச்சினை? பொருத்தமான சட்டப்பிரிவு இல்லாததுதான் பிரச்சினை. ஸ்காட்லாந்தில் அது 2010இலேயே வந்துவிட்டது.