மொரீஷியஸும் கனடாவும் சட்டத்தை ஏன் மாற்றின?
குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை நாடுகள் கடைப்பிடிப்பதைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழுவின் முடிவுகளை நிறைவேற்றிவைக்க எந்த அதிகார அமைப்பும் இல்லை, ஆகவே அவை காகிதத்தோடு நின்றுவிடுகின்றன என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அதில் முற்பாதி சரி. பிற்பாதியை என்னால் ஏற்க இயலவில்லை. 1977இல் மொரீஷியஸ் கொண்டுவந்த குடிவரவுச் சட்டத்திருத்தம், அந்நாட்டு ஆண்களின் வெளிநாட்டு மனைவியருக்கு இருந்த வசிப்புரிமையைத் தொடாமல், பெண்களின் வெளிநாட்டுக் கணவர்களை மட்டும் அனுமதி கேட்டு நிற்கவைத்தது. 20 பெண்கள் முறையிட்டனர். 1981இல் குழு அதைப் பாகுபாடு என்றது. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. கனடாவின் நிலை இன்னும் சிக்கலானது. பழங்குடியல்லாதவரை மணந்ததால் சட்டப்படி 'இந்தியர்' (கனடாவின் சட்டம் பழங்குடியினரைக் குறிக்கும் சொல்) என்ற தகுதியை இழந்த சான்ட்ரா லவ்லேஸ், மணமுறிவுக்குப் பின் தம் மக்களின் நிலத்தில் வாழும் உரிமை கோரிக் குழுவை அணுகினார். அவ்வாறு மணந்த ஆண் எவரும் தகுதியை இழக்கவில்லை. லவ்லேஸின் திருமணம் அந்த உடன்படிக்கை கனடாவைக் கட்டுப்படுத்துவதற்கு முன்பே நடந்தது என்பதால், 1981இல் குழு பால் பாகுபாட்டைத் தவிர்த்து, சிறுபான்மையினரின் பண்பாட்டு உரிமையை மட்டுமே பற்றிக்கொண்டது (அந்தத் தயக்கம் தேவையற்றது என்பது என் எண்ணம்). 1985இல் கனடா கொண்டுவந்த சட்டத்திருத்தமும் பெண்வழிச் சந்ததியினருக்கு ஆண்வழியினருக்கு நிகரான தகுதியைத் தரவில்லை. 2019 சனவரியில் வெளியான முடிவில் அதே குழு பாகுபாடு தொடர்வதை மீண்டும் சுட்டிக்காட்டியது, எஞ்சிய திருத்தம் அவ்வாண்டு ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. இவற்றை அந்நியத் தலையீடு என்று எழுதியிருக்கும் ஒரு வாசகருக்கு: முறையிட்டவர்கள் அந்தந்த நாட்டுப் பெண்கள், அவ்வாறு முறையிட வழிவகுக்கும் விருப்ப நெறிமுறையை (விரும்பும் நாடுகள் மட்டும் ஏற்கும் துணை ஒப்பந்தம்) அவ்விரு அரசுகளும் தாமாகவே ஏற்றிருந்தன.